அடுப்படிக்குள் வந்த முப்பதடிச் சாலை

என்றும் என் மரியாதைக்கும் அவ்வப்போது என் கேலிக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வாலு மிகப் பணிவுடன் (சிரிக்க வேண்டாம், உண்மையிலேயே பணிவுடன்) எழுதும் கடிதம். நீங்களும் அத்தையும், இன்னும் பல் முளைக்காத உங்கள் வாரிசும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முதல் பத்தியிலேயே பொய்யைச் செலவழித்துவிட்டால் பிற்பாடு தேவைப்படும்போது கையிருப்பு இருக்காது. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிரஷ்ஷில் பற்பசை இல்லை. அம்மா அதிர்ச்சியைக் காலி செய்துவிட்டு மௌனத்துக்குக் குடிபோய்விட்டார். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் பாதிப் படியிலேயே திரும்பி ஏறிவிடுகிறார். இத்தனைக்கும் மூலகாரணம் நீங்கள் வரைந்து அனுப்பிய மூலை மனைதான், மாமா.

முந்தாநாள் நீங்கள் ஃபோனில் "என்னக்கா, நம்ம மனைப்பிரிவு என்னாச்சு?" என்று கேட்டபோது, அம்மா "வாலு கடுதாசி போடுவா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அல்லவா? ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். குழப்பம் வேண்டாம். ஃபோனில் பேசினால் அழுகை வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம், எனக்குச் சிரிப்பு வந்துவிடும் என்று பயம். இரண்டுக்கும் பொதுவாகக் காகிதம்தான் தோது.

முதலில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வாடகை வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட மாடியிலிருந்து அனுமதி வர வேண்டும். வராது. அதனால் எங்கள் வீட்டுக் கடிகாரம் குளிர்பெட்டியின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அம்மா அப்பா கல்யாணப் படம் தரையில் நின்றுகொண்டிருக்கிறது, கூட்டும்போதெல்லாம் மணமகனும் மணமகளும் தூசி தின்கிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தை நீங்கள் வாங்கி, அதை மனைகளாகப் பிரித்து, "அக்கா, நுழைவாசலுக்குப் பக்கத்து மூலை மனை உனக்கு" என்று சொன்னால் உங்கள் அக்கா என்ன ஆவார்? நீங்கள் அனுப்பிய வரைபட நகலை அடுப்படி ஜன்னலில் வைத்து, அதிலிருந்த வடக்கு அம்பை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி, தன் மனை எது என்று கண்டுபிடித்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே, சுவருக்கு அந்தப் பக்கம், நல்ல மேடு. அன்றிலிருந்து காய் நறுக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டல் மண்ணில் சமையலறை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று என்னிடம் வாக்கெடுப்பு நடத்தினார். "அங்க போனதும் முதல்ல என்ன செய்வே?" என்று கேட்டேன். "எல்லாச் சுவத்துலயும் ஆணி அடிப்பேன்டி" என்றார். படம் எதுவும் மாட்டுவதற்கில்லையாம், சும்மா அடித்துப் பார்ப்பதற்காம்.

இப்போது எங்கள் அப்பா. நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் சரிபார்க்கும் ஆய்வு அலுவலர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தூரம் அலுவலர் என்பது தெரியாது. என் மதிப்பெண் அட்டையில் வாத்தியார் கூட்டலில் செய்த பிழையைக் கண்டுபிடித்து, பள்ளிக்கூடத்துக்கே வந்து, என் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டுப் போன தகப்பன் உலகத்தில் இவர் ஒருவர்தான். உங்கள் மனு அவர் மேசைக்கு வந்ததும் உடனே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார்: "மனுதாரர் என் மனைவியின் தம்பி. கோப்பை வேறொருவருக்கு மாற்ற வேண்டுகிறேன்." மேலதிகாரி சிரித்திருக்கிறார். "வேற யாரு இருக்கா? இருக்கற இன்னொரு ஆய்வு அலுவலர் மேடமும் பிரசவ லீவுல போயிட்டாங்க. நீங்களே பாருங்க, ஆனா மச்சான்னு பார்க்காதீங்க." அவ்வளவுதான் சொன்னார். அது அப்பாவின் காதில் போய் விழுந்தபோது "எதிரி என்று பார்" என்று ஆகிவிட்டது போலிருக்கிறது.

அன்று மாலையே வீட்டில் சட்டம் வந்தது. ஒன்று, மனைப்பிரிவு பற்றி வீட்டில் யாரும் ஒரு சொல் பேசக்கூடாது. இரண்டு, அடுப்படி ஜன்னல் வழியாக அப்பா அந்த நிலத்தைப் பார்க்கக்கூடாது. இரண்டாவது சட்டம் எங்களுக்கு இல்லை, அவருக்கு அவரே போட்டுக்கொண்டது. சாப்பிடும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"ஏன்பா, பின்னாடிதானே இருக்கு, ஒருதரம் பாத்தா தேஞ்சா போயிடும்?" என்று கேட்டேன்.

"நான் ஜன்னல் வழியா பாத்தா அது சொந்த அறிவு. கோப்புல இருக்கறதுதான் அலுவலக அறிவு. ரெண்டும் கலக்கக் கூடாது" என்றார்.

சாம்பலும் சாதமும் கலந்துவிடுமோ என்பது போன்ற முகத்தோடு சொன்னார், மாமா. நான் சிரிக்கவில்லை. கொல்லைப்புறம் போய்ச் சிரித்தேன்.

வீட்டில் கேட்கக்கூடாது என்றால் அலுவலகத்தில் கேட்கலாம்தானே? அம்மா ஒரு நாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நகரமைப்பு அலுவலகத்துக்கே போய்விட்டார். அங்கே பொதுமக்கள் வரிசைக்கு ஒரு டோக்கன் இயந்திரம் இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் எண் போட்ட சீட்டைத் துப்பும். அம்மா இடம் தேடி உட்காரப் போன நேரத்தில் நான் பொத்தானைக் கொஞ்சம் கூடுதலாக அமுக்கிவிட்டேன். ஒரு கை நிறையச் சீட்டு வந்தது. அத்தனையையும் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அப்பா நிமிராமலே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அம்மா போய் உட்கார்ந்தார். அப்பா நிமிர்ந்தார்.

"வணக்கம்மா. சொல்லுங்க. பேரு?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"மனுதாரருக்கு நீங்க என்ன வேணும்?"

"அக்கா வேணும். உங்களுக்கு என்ன வேணும்னும் சொல்லட்டுமா?"

வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் நகர்த்தினார்கள். அப்பா கழுத்துப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, "கோப்பு ஆய்வுல இருக்கு. முடிவானதும் மனுதாரருக்குத் தகவல் போகும். நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அம்மா எழுந்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். அதுவும் அவருடையதுதான். "வணக்கம்மா. சொல்லுங்க" என்றார் அப்பா, மாமா, சத்தியமாக அதே குரலில். "மூலை மனை கிடைக்குமா கிடைக்காதா?" "கோப்பு ஆய்வுல இருக்கு." அடுத்த எண். மறுபடியும் அம்மா. "மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவீங்களா மாட்டீங்களா?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "அது இந்த கவுண்டர் இல்லம்மா" என்றார். பின்னால் ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து இருமலில் மாட்டிக்கொண்டார், தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மனைப்பிரிவு என்று தொடங்கிய காரியம் மனைவிப்பிரிவில் போய் முடியுமோ என்று எனக்கே கொஞ்சம் உதறியது.

அதற்குப் பிறகு வந்ததுதான் முதல் அதிர்ச்சி. உங்கள் வரைபடத்தில் தப்பே இல்லை, மாமா! அப்பா தேடினார், தேடினார், அப்படித் தேடினார். சாலை அகலம் சரி. மனை அளவு சரி. திருப்பத்தில் வண்டி இடிக்காதபடி மனையின் முனையை வெட்டியது சரி. பூங்காவுக்கு விட்ட இடம் சரி, மழைத் தண்ணீர் தேங்குவதற்கு வெட்டும் குளம்கூட விதிப்படி நிலத்தின் கடைசிக் கோடியில் கச்சிதமாக இருந்தது. சாலை முட்டுச்சந்தாக முடிகிற இடத்தில் தீயணைப்பு வண்டி திரும்பிப் போக ஒரு வட்டம் விட வேண்டுமாம், அதுவும் கூடுதலாகவே விட்டிருந்தீர்கள். இத்தனை வருட உத்தியோகத்தில் குறையில்லாத வரைபடத்தை அவர் கண்டதே இல்லை. சோறு இறங்கவில்லை. நெற்றியில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். (அந்த நெற்றி பிடரி வரை போய்விட்டது உங்களுக்குத் தெரியும். விதிப்படி விட வேண்டிய திறந்தவெளியை விட அதிகமாகவே விட்டிருக்கிறார்.) ஒரு நாள் தாங்க முடியாமல் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

"உன் தம்பி இவ்வளவு சரியா ஒண்ணு செய்யமாட்டானே" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"ஏன், என் தம்பி தப்பு செஞ்சாலும் குத்தம், சரியா செஞ்சாலும் குத்தமா?" என்று அம்மா கரண்டியோடு வந்தார்.

"எங்கயோ இருக்கு. எனக்குத் தெரியல. ஆனா இருக்கு."

"உங்க மனசுலதான் இருக்கு."

கடைசிப் படி ஒன்று பாக்கி. தீயணைப்பு வண்டியை நேரில் கொண்டுவந்து, வரைபடத்தில் உள்ளபடி தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டி உள்ளே வந்து திரும்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லையாம். தீயணைப்பு நிலையத்தில் ஒரு கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுவார்களாம். அப்பா செய்வார் என்று நான் சொல்லவே தேவையில்லை.

அந்தக் காலை நேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பள்ளி விடுமுறை. பின்சுவரின் மேல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்துகொண்டேன். "வீட்டு ஆளுங்க ஆய்வு நடக்கற இடத்துல இருக்கக் கூடாது" என்றார் அப்பா. "நான் சுவத்துல இருக்கேன்" என்றேன். நிலத்தின் நான்கு மூலையிலும் எல்லைக் கல் இருக்கிறது. நிலமோ என் கையிலிருந்த பிஸ்கட் மாதிரி நீள்சதுரம், எப்படித் திருப்பினாலும் ஒரே வடிவம். அப்பா வரைபடத்தில் வடக்கு அம்பைப் பார்த்தார், திசைகாட்டியில் வடக்கைப் பார்த்தார், தாளை அதற்கு நேராகப் பிடித்தார், அலுவலக உதவியாளர் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, தூரத்துக் கோடியில் வட்டம் போட்டுவிட்டு, அங்கிருந்து முப்பதடி அகலத்துக்கு இரண்டு வெள்ளைக் கோடுகளை இழுத்துக்கொண்டே வந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. கோடு வருகிறது, வருகிறது, என் காலடிச் சுவரை வந்து முட்டியது. நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பின்கதவைத் திறந்துகொண்டு கொல்லைக்குள் வந்தார். துவைக்கிற கல்லின் மேல் கோடு ஏறி இறங்கியது. கொடியில் காய்ந்த என் பள்ளிச் சீருடையைத் தள்ளிவிட்டு இன்னொரு கோடு போனது. அடுப்படி வாசற்படியில் சுண்ணாம்பு விழுந்தபோது அம்மா வெளியே வந்தார்.

"என்னங்க இது?"

"நான் இப்ப கடமையில இருக்கேன்."

"அது தெரியுது. இது என்னன்னு கேட்டேன்."

"ரோடு."

"இது அடுப்படி."

"வரைபடப்படி ரோடு" என்றார் அப்பா. அவருக்கே குரல் கொஞ்சம் ஆடியது. "வெளியே இருக்கற ரோட்டோட போய்ச் சேர்ற வரைக்கும் குறிக்கணும். விதி."

வெளியே இருக்கிற ரோடு என்றால் எங்கள் வீட்டின் முன்பக்கம் இருக்கும் சந்து. அங்கே ஏற்கெனவே தீயணைப்பு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வரைபட நகலைப் பார்த்து அந்தப் பக்கம்தான் நுழைவு என்று ஓட்டுநர் கொண்டுவந்துவிட்டார், பாவம். இந்தப் பக்கம் கோடு, அந்தப் பக்கம் வண்டி, நடுவில் எங்கள் வீடு. ஓட்டுநர் வாசல் வழியாக எட்டிப் பார்த்து, "சார், ரோடு எங்க சார்?" என்று கத்தினார். அடுப்படியிலிருந்து அப்பா, "வந்துக்கிட்டே இருக்கு" என்று பதில் கொடுத்தார். மாமா, நான் சுவரிலிருந்து விழுந்தேன். பிஸ்கட்டுக்குச் சேதமில்லை.

அதற்குள் ஓட்டுநர் பொறுமையிழந்து, கொஞ்சம் பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று வண்டியை எடுத்திருக்கிறார். ஏணியின் முனை மாடி பால்கனியில் வீட்டுக்காரர் கட்டியிருந்த கொடியில் மாட்டிக்கொண்டது. அவருடைய உள்ளாடைகள் அனைத்தும் வரிசை கலையாமல் சந்தின் மேல் அணிவகுத்துப் புறப்பட்டன. அதை நிறுத்தப் பதறியதில் ஓட்டுநரின் கை எங்கேயோ பட்டு சைரன் அலற ஆரம்பித்து, பிறகு அதை யாராலும் நிறுத்த முடியவில்லை. சைரன் கேட்டுத் தெருவே எங்கள் வீட்டில் தீ என்று வாளியோடு ஓடிவந்தது. வீட்டுக்காரர் இடுப்பில் துண்டோடு இறங்கிவந்து, கூடத்தின் நடுவே சுண்ணாம்பு வாளியும் நாடாவுமாக நிற்கும் அப்பாவைப் பார்த்து, "என் வீட்டுக்குள்ள ரோடா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியைத் தேடினார். எங்கள் வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள், மாமா. ஒருவர் வாடகை வாங்குபவர், இன்னொருவர் அதைக் கொடுப்பவர். அன்றைக்கு இருவருக்கும் சேர்ந்து பேச்சு நின்றுபோனதில் அம்மா ஒருவர்தான் மிச்சம்.

அப்பா மெதுவாகப் பின்கதவுக்கு வந்து நின்றார். அத்தனை நாளில் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்தார். தூரத்தில், நிலத்தின் மறுகோடியில், பேருந்துகள் ஓடும் பெரிய சாலை தெரிந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் அது தெற்கு. உங்கள் வரைபடத்தில் அது வடக்கு. அப்பா தாளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். தாளை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். ஆஹா, மாமா, அந்த முகம்! பிரசவ அறையிலிருந்து என்னைக் கொண்டுவந்து காட்டியபோதுகூட அப்படிச் சிரித்திருக்கமாட்டார். "தலைகீழ்! தலைகீழா வரைஞ்சிருக்கான்! நான் சொல்லல, எங்கயோ இருக்குன்னு!" என்று சைரனுக்கு மேல் கத்திக்கொண்டு குதித்தார். உங்கள் வரைவாளரை ஃபோனில் பிடித்துக் கேட்டதில், எந்த நிலமாக இருந்தாலும் சாலையைத் தாளின் மேல்பக்கம் வைத்துத்தான் வரைவாராம், அப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்குமாம். வடக்கு அம்பு தாளிலேயே முன்கூட்டி அச்சடித்தது, அதுவும் மேல்பக்கம் பார்த்தபடி. இந்த நிலத்தில் சாலை தெற்கே இருக்கிறது என்பதை யாரும் அந்த அம்புக்குச் சொல்லவில்லை.

குதித்துக்கொண்டிருந்த அப்பா பாதியில் நின்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

தாளைத் திருப்பினால் மனைகளும் திரும்பும் அல்லவா? நுழைவாசல் பக்கத்து மூலை மனை எங்கள் ஜன்னலுக்கு எதிரே இல்லை. அது பெரிய சாலை ஓரத்தில், எதிர்க் கோடியில் இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது தெரியுமா? சாலையை வருடாவருடம் உயர்த்திப் போட்டதில் பக்கத்து நிலம் குழியாகி, ஒரு மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். நானே போன மழையில் அங்கே ஒரு பழைய பிளாஸ்டிக் கதவில் ஏறிப் படகு விட்டிருக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் தேங்கும் குளத்தை நிலத்தின் தாழ்ந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும் என்பது விதி. நீங்கள் குளம் வரைந்த இடம் தாளில் பள்ளம், தரையில் மேடு. அம்மாவின் மனை தாளில் மேடு, தரையில் பள்ளம். உங்கள் குளத்துக்குத் தண்ணீர் வர வேண்டுமென்றால் அது படியேறித்தான் வர வேண்டும். மூலை மனை இருக்கிற இடத்தில்தான் குளம் வர வேண்டும், வேறு வழியில்லை.

"இத எழுதப்போறீங்களா?" என்று அம்மா கேட்டார். சைரன் அப்போதுதான் நின்றிருந்தது.

அப்பா தாளைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் எழுதினார். "மூலை மனை கட்டடத்துக்கு உகந்ததன்று. அவ்விடத்தை நீர்த்தேக்கத்துக்கு ஒதுக்கி வரைபடத்தைத் திருத்தி அளிக்கவும்." எழுதிய கையோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அடுப்படி ஜன்னலைச் சாத்தியிருந்தார். மூடிய ஜன்னலின் அரை வெளிச்சத்தில் காய் நறுக்கி இரண்டு விரலில் கட்டுப் போட்டிருந்தார். நான் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை, மாமா. எனக்கு!

பிறகு பொதுமக்கள் கருத்துக் கூட்டம். மனைப்பிரிவு பற்றி யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். மேலதிகாரி மேடையில், அப்பா பக்கத்தில் கோப்போடு. வீட்டுக்காரர் முதலில் எழுந்து தன் உள்ளாடைகளைப் பற்றி நீண்ட நேரம் பேசினார், அது மனைப்பிரிவு விதிகளில் வராது என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எல்லாருக்கும் வியர்த்துவிட்டது. அடுத்து எழுந்தது அம்மா. அப்பாவின் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது.

"எனக்கு ஒரே ஒரு கேள்வி. நான் இத்தனை நாளா ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருந்த இடம் இருக்கே, எங்க வீட்டுக்கு நேர் பின்னாடி. தாளைத் திருப்பினப்புறம் அங்க என்ன வருது?"

அப்பா கோப்பைப் பார்க்கவே இல்லை. "தீயணைப்பு வண்டி திரும்பற வட்டம்" என்றார்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "சரி. அதுவாவது நல்ல இடத்துல திரும்பட்டும். என் தம்பிகிட்ட சொல்லிடுங்க, எனக்கு மூலையும் வேண்டாம், முடுக்கும் வேண்டாம். என் பேருல எந்த மனையும் வேண்டாம். அவர் எழுதினது சரிதான். குழியில வீடு கட்டி யார் இருந்தாலும் தண்ணிதான் இருக்கும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கணவர் எழுதியதற்கு மனைவி எழுந்து நின்று ஆதரவு சொன்னது அந்த மண்டபத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும், அதுவும் அழுகிற குரலில். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று அவர் சொல்லக்கூடும். மண்டபத்தில் குளிர்சாதனம் இருந்தது.

வரைபடம் உங்களுக்குத் திரும்பி வருகிறது, மாமா. அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அப்பாவோடு பேசுவதில்லை. கோபம் இல்லையாம், பேச ஒன்றுமில்லையாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கோபமென்றால் பாத்திரம் சத்தம் போடும், நமக்குத் தைரியமாக இருக்கும். இப்போது பாத்திரங்கள்கூட மெதுவாக வைக்கப்படுகின்றன. ஆகவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மனைகளை வேறு யாருக்காவது பிரித்துக் கொடுங்கள், அல்லது பிரிக்காமலே விட்டு மாடு மேயவிடுங்கள். அம்மாவிடம் இனி மனை, மூலை, வீடு, ஜன்னல் என்ற எந்தச் சொல்லையும் எடுக்காதீர்கள். உங்கள் வரைவாளரை ஒரு நாள் வெயிலில் நிற்கவைத்து, சூரியன் எந்தப் பக்கம் எழும்புகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வேறு தண்டனை வேண்டாம்.

அத்தைக்கு என் அன்பு. வாரிசுக்குப் பல் முளைத்ததும் முதல் கடி உங்களுக்கே கிடைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் வீட்டுச் சுவர்கள் நேராகவும் திசைகள் சரியாகவும் அமைந்து, நீங்கள் எல்லா வளமும் பெற வேண்டும் என்று பெரிய மனுஷி மாதிரி ஆசீர்வதித்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அடங்கிப்போன (இப்போதைக்கு)
வாலு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். மேலே நான் எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும், அல்லது படித்துவிட்டு அடித்துவிடவும். ஆய்வு அலுவலரின் மனைவியே கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டதால் இந்த ஆய்வு செல்லாதாம். லீவு முடிந்து வந்த மேடம் முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்ப்பாராம். கோப்பு அப்பாவின் கையைவிட்டுப் போய்விட்டது. இதைக் கேட்டதும் அம்மா அடுப்படி ஜன்னலைத் திறந்தார். வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் வடிவியல் பெட்டியைப் பறித்துக்கொண்டு, ஒரு பெரிய பழுப்புத் தாளைத் தரையில் விரித்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் நிலத்தை அவரே பிரிக்கிறாராம், நீங்கள் அதை வைத்து மனுப் போட வேண்டுமாம். அப்பா நாற்காலியை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். மனைப்பிரிவைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்ற சட்டம் இன்னும் அமலில்தான் இருக்கிறது, ஒரு சொல்கூடப் பேசவில்லை. அம்மா தெற்கே சாலையை வரைந்தார், அப்பா இருமினார். அம்மா அழித்து அகலமாக வரைந்தார், இருமல் நின்றது. குளத்தைப் பள்ளத்தில் வரைந்தார், அமைதி. வட்டத்தை நடுவில் வரைந்தார், பலமான இருமல். "மருந்து குடிக்கக் கூடாதா?" என்றார் அம்மா. கூட்டத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு. "சொந்த இருமல்" என்றார் அப்பா. வட்டம் மேற்கே நகர்ந்தது, பூங்கா பக்கத்தில் வந்தது, மனைகள் வரிசையாக விழுந்தன. கடைசியில் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே, மேட்டின் மேல், அம்மா ஒரு சின்னச் சதுரம் போட்டு, அதில் தன் பெயரை எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் காத்திருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்பா செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். இருமவில்லை.